மரபணுப் பரிசோதனையைப் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்க்கும் முன் ஆராய்வது எப்படி?

துல்லிய மருத்துவம் ஒருவருடைய மரபணு, சூழல், வாழ்க்கைமுறை ஆகியவற்றைக் கொண்டு அவருக்கேற்ற சிகிச்சையைத் தேடுகிறது. பொதுச் சுகாதாரமோ மக்கள்தொகை முழுவதன் நலனையும் கணக்கில் கொள்கிறது. எனவே, தனி நோயாளிக்கு உதவும் பரிசோதனை மக்கள் திட்டத்துக்கும் ஏற்றது என்று முன்கூட்டியே முடிவுசெய்யக் கூடாது.

முதலில், பரிசோதனை முடிவால் சிகிச்சை மாறுமா என்று பாருங்கள். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமஸெப்பின், எச்எல்ஏ-பி*15:02 என்னும் மரபணு வகை உள்ள சிலருக்கு, தோலும் சளிச்சவ்வும் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் வேறு மருந்து கொடுக்கலாம். மாறாக, நீரிழிவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று மட்டும் கூறும் மரபணு மதிப்பெண் (பல மரபணு வேறுபாடுகளின் சிறு சிறு தாக்கங்களைக் கூட்டிப் பெறும் எண்), எல்லோருக்கும் சொல்லப்படும் உணவு, உடற்பயிற்சி அறிவுரையிலேயே முடியுமானால், அதற்குச் செலவிடுவதில் நியாயம் குறைவு.

அடுத்து, ஒருவரைக் காக்க எத்தனை பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். தைவானில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 4,877 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 7.7 விழுக்காட்டினரிடம் அந்த வகை காணப்பட்டதால் கார்பமஸெப்பின் தவிர்க்கப்பட்டது. முந்தைய நிலவரப்படி ஏறத்தாழ 10 பேருக்கு வந்திருக்கக்கூடிய அந்த நோய்க்குறி ஒருவருக்கும் வரவில்லை. அதாவது, ஒருவரைக் காக்கச் சுமார் 490 பரிசோதனைகள். அந்த வகை மிக அரிதான ஐரோப்பிய வம்சாவளியினரிடையே இவ்வெண்ணிக்கை பல மடங்கு உயரும் என்பதால், பிறரிடம் கிடைத்த விகிதத்தை அப்படியே எடுத்தாளாமல், திட்டம் சென்றடையும் மக்களிடமே அளந்தறிய வேண்டும்.

மரபணு மதிப்பெண்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு அம்மதிப்பெண்களின் துல்லியம் கணிசமாகக் குறைகிறது. பரிசோதனையை விற்போரின் விளம்பரக் குறிப்புகளில் பெரிய எழுத்தில் வராத செய்தி இது. மதிப்பெண் எந்தெந்த மக்களிடம் சரிபார்க்கப்பட்டது என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

முடிவு எத்தனை நாளில் வரும், அதை யார் விளக்குவார், மாற்று மருந்து கையிருப்பில் உள்ளதா, உறவினரையும் தொடும் இத்தகவலை யார் பார்க்கலாம் என்பவற்றையும் தொடங்கும் முன்பே வரையறுத்துவிடுங்கள்.

இறுதியாக, அதே பணத்தால் வேறு என்ன செய்ய முடியும் என்று ஒப்பிடுங்கள். சிறிய ஆபத்துள்ள மிகப் பலரிடமிருந்து, பெரிய ஆபத்துள்ள சிலரிடமிருந்து வருவதைவிட அதிக நோயாளிகள் உருவாகலாம் என்று 1985இல் பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் எடுத்துக்காட்டினார். ஆகவே மரபணுத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே, புகையிலைக் கட்டுப்பாடு, உணவில் உப்பைக் குறைத்தல் போன்றவற்றின் செலவையும் பயனையும் அருகருகே இட்டு, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்த பிறகே ஒப்புதலுக்கு அனுப்புங்கள்.