ஊர் நூலகத்தில் கதைமாலை: முதன்முறை நடத்துபவர்களுக்கு ஒரு செய்முறை

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் நூலகத்தின் சிறுவர் பகுதியில் இருபத்தைந்து பிள்ளைகள் வரை பாயில் இருந்தார்கள். கரைவலை இழுத்துக் காய்த்த கைகளோடு ஒரு பெரியவர் கதிரையில் இருந்து, விடியப்புறம் வள்ளம் தள்ளுவதில் தொடங்கி மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். இடையில், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றை எடுத்தார். பிள்ளைகள் தாங்களாகவே பின்பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். கதை முடிந்ததும் நாலாம் ஆண்டு படிக்கிற ஒரு சிறுமி எழும்பி நூலகரிடம் போனாள். “மிஸ், மீனைப் பற்றின புத்தகம் இருக்கா?”

அந்தக் கேள்விக்காகத்தான், ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் இந்தக் கதைமாலையை நான் இன்றுவரை நடத்துகிறேன். நூலகத்தில் கவியரங்கம் வைக்கலாம், வில்லுப்பாட்டு வைக்கலாம், பொல்லடி ஆடலாம். வந்தவர்கள் அலுமாரிப் பக்கம் திரும்பியும் பாராமல் வீட்டுக்குப் போனால், அதை ஊர் மண்டபம் எதிலும் வைத்திருக்கலாம். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த அலுமாரியை நோக்கியே போகிறது. பணம் அதிகம் தேவையில்லை. திருகோணமலையில் கதை சொல்ல ஆட்களுக்கும் பஞ்சமில்லை. ஒன்றரை மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. முதலில் வாசகராகப் போங்கள்

நடத்தப்போகிறவர் நூலகத்தின் அங்கத்தவராக இருக்கவேண்டும். விண்ணப்பப் படிவம், கட்டணம், யார் கையொப்பம் வேண்டும் என்பதெல்லாம் நூலகத்தை நடத்தும் உள்ளூராட்சிச் சபைக்குச் சபை மாறும். கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். பிறகு இரண்டு கிழமை வேறுவேறு நேரங்களில் போய் இருந்து பாருங்கள். காலையில் பத்திரிகை மேசையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்கள் இருப்பார்கள். பாடசாலை விட்டபின் உசாத்துணைப் பகுதியில் உயர்தர மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். பிள்ளையை ரியூசனில் விட்டுவிட்டு வந்து காத்திருக்கிற தாய்மாரும் உண்டு. உங்கள் கதைசொல்லி அந்தப் பத்திரிகை மேசையிலேயே இருக்கலாம். எங்கள் முதலாவது கதைசொல்லியை நான் அங்கேதான் கண்டேன்.

2. அனுமதி

இலங்கையில் பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இருக்கின்றன. நூலகர் மனதாரச் சம்மதித்தாலும் எழுத்தில் அனுமதி சபையிலிருந்து வரவேண்டும். அதற்காக நூலகரைத் தாண்டி நேரே சபைக்குப் போய்விடாதீர்கள். முதலில் நூலகரோடு கதையுங்கள், எந்த மூலை வசதி, எந்த நாளில் ஆட்கள் குறைவு என்று அவரிடமே கேளுங்கள். கடிதத்தை “நூலகர் ஊடாக” என்று போட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் ஒரு வரி பரிந்துரை எழுதி அனுப்பினால் வேலை சுருக்காக முடியும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

“ஐயா / அம்மணி,
பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் கதைமாலை ஒன்றை நடத்த அனுமதி கோருகிறோம். திகதியும் நேரமும்: … எதிர்பார்க்கும் வருகை: சுமார் 30 பேர். பிள்ளைகள் பெற்றோருடன் வருவார்கள். கட்டணம் அறவிடப்படமாட்டாது. கட்சிப் பேச்சோ விற்பனையோ நிகழ்வில் இடம்பெறாது. பாய்கள், கதிரைகள் ஆகியவற்றை நாமே ஒழுங்கு செய்வோம். நிகழ்வின் பின் இடத்தைத் துப்புரவு செய்து ஒப்படைப்போம்.”

துப்புரவு பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள். முன்பு யாரோ குப்பையோடு விட்டுப்போன ஒரு கூட்டத்தின் நினைவு எந்த நூலகத்திலும் இருக்கும். நிகழ்வுக்கு மூன்று கிழமைக்கு முன்னராவது கடிதம் போய்ச் சேரவேண்டும்.

3. நாள் பார்ப்பது

எங்கள் ஊரில் மூன்று இனத்தவரும் நான்கு சமயத்தவரும் ஒரே நூலகத்துக்குத்தான் வருகிறார்கள். ஆகவே நாட்காட்டியை எல்லாருடைய கண்ணாலும் பார்க்கவேண்டும். வெள்ளி நண்பகல் ஜும்மா. ஞாயிறு காலை தேவாலயப் பூசை, அறநெறிப் பாடசாலை, பௌத்தப் பிள்ளைகளின் தஹம் பாசல். போயா நாள் அரச விடுமுறை. நோன்பு மாதத்தில் பின்னேரம் வைத்தால் முஸ்லிம் பிள்ளைகள் வரமாட்டார்கள், காலைக்கு மாற்றுங்கள். நவராத்திரி இரவுகளில் ஊரே கும்பம் பார்க்கப் போய்விடும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைக் காலங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். நூலகங்களும் பாடசாலைகளும் அந்த மாதத்தில் போட்டிகள், கண்காட்சிகள் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் முதல் நிகழ்வை அதற்குள் செருகவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அந்த மாதத்தோடு மழைக்காலமும் தொடங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் பிள்ளைகளைக் கூட்டிவருவதே பெரும்பாடு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழை குறைவு. ஆனால் கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு யாரும் வெளிக்கிட மாட்டார்கள். சனிக்கிழமை மூன்றரை தொடக்கம் ஐந்து வரை, இவ்வளவும்தான் எங்களுக்குச் சரிவந்த நேரம். நூலகம் மூடும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகக் கதை முடியவேண்டும். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

4. கதைசொல்லியும் கதையும்

அதிக நேரம் இதற்கே கொடுங்கள். பேச்சாளரைத் தேடாதீர்கள். மேடையில் பேசிப் பழகியவர்கள் வாழ்த்துரையில் தொடங்கி நன்றியுரைக்கு வருவதற்குள் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள். ஒரு வேலையைக் கையால் செய்தவரையோ, ஓர் இடத்தோடு வாழ்ந்தவரையோ தேடுங்கள். தம்பலகாமத்தில் வயல் செய்தவர், கிண்ணியாவில் நாட்டார் கவி பாடத் தெரிந்த உம்மா, மூதூருக்கு லோஞ்சில் போய்வந்த காலத்தை நினைவு வைத்திருக்கிற தபால்காரர் என்று அப்படிப்பட்டவர்கள் எந்தத் தெருவிலும் ஒருவராவது இருப்பார்கள்.

“ஐயா, உங்கட கதையைச் சொல்லுங்கோ” என்று பொதுவாகக் கேட்டால், “என்னட்ட என்ன தம்பி கதை இருக்கு” என்பார்கள். கேள்வியைச் சிறியதாக்குங்கள். “கன்னியாவில ஏழு கிணறும் ஒரே சூடா?” என்று கேளுங்கள். இராவணன் தாயாருக்கு ஈமக்கடமை செய்த கதையில் தொடங்கி, தாங்கள் சிறுவயதில் எந்தக் கிணற்றில் தலைமுழுகப் பயந்தார்கள் என்பதுவரை வந்துவிடுவார்கள். 1964ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரை போனதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டதை, தாய் தகப்பன் சொல்லக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்குப் பாய்மரம் பழுதுபார்க்க வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து ரொபட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்து தப்பிப்போன கதையைப் பத்து வயதுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பதை நான் கண்டிருக்கிறேன். மூதூர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், குடாவையும் தினமும் பார்க்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகச் செய்யுங்கள். போரிலும் இடப்பெயர்விலும் சுனாமியிலும் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். அந்தக் கதையைக் கூட்டத்தில் வைத்து யாரிடமும் கேட்காதீர்கள். அவராக விரும்பினால், முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருந்தால், பிள்ளைகளுக்குத் தாங்கும் அளவில் சொல்லட்டும். ஒருமுறை நான் முன்யோசனையில்லாமல் “அந்த நாளில வீட்டில யார் யார் இருந்தவை?” என்று ஓர் அம்மாவிடம் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு கேள்விகளையெல்லாம் முதல்நாளே வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது மூன்று காரியம் முடித்துக்கொள்ளுங்கள். கதையை ஒருதரம் முழுக்கச் சொல்லச் செய்து நேரம் பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். ஒலிப்பதிவு செய்யலாமா, படம் எடுத்துப் பகிரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நிகழ்வில் காட்ட ஏதாவது பொருள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வலை பின்னும் ஊசி, நெல் அளக்கும் பழைய கொத்து, பனையோலைப் பெட்டி என்று எதுவானாலும் சரி. பொருளைக் கையில் எடுத்ததும் கதை தானாக வரும். ஒரு மாலைக்கு இரண்டு கதைசொல்லிகள் போதும். சிங்களப் பிள்ளைகள் வருவார்கள் என்றால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் சுருக்கமாகச் சொல்லச் செய்யுங்கள்.

5. புத்தக மேசை

கதை என்னவென்று முடிவானதும் நூலகரோடு அலுமாரிக்குப் போங்கள். நூல்களைப் பொருள்வாரியாக இலக்கமிடும் டூயி பகுப்பு முறையில் அடுக்கியிருந்தால் நாட்டார் கதைகள் 398.2இல் இருக்கும், இலங்கை வரலாறு 954.93இல், தமிழ் இலக்கியம் 894.811இல். கடல் கதை என்றால் மீன், பறவை, கப்பல், காலநிலை பற்றிய சிறுவர் நூல்களையும் சேர்த்து இருபது முப்பது எடுத்துவையுங்கள். தடித்த நூல்களை மட்டும் அடுக்கினால் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள். சரிபாதி படக்கதைகளாக இருக்கட்டும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் வையுங்கள்.

பெரியவர்களுக்கென்று மேசையின் ஓரத்தில் எங்கள் ஊர் எழுத்தாளர்களுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஈழத்துத் தமிழ் நாவலின் ஆரம்ப வரலாற்றில் திருகோணமலைக்கு இருக்கும் இடம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாக அதைச் சொல்வார்கள். இருவரும் இந்த ஊர்க்காரர். அச்சுப் பிரதி நூலகத்தில் கிடைக்காவிட்டால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கிவரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்தை அச்செடுத்து மட்டையில் ஒட்டி வைத்தாலும் ஆட்கள் நின்று வாசிப்பார்கள்.

இந்த மேசை வாசலில் இருக்கக்கூடாது. கதை கேட்ட இடத்துக்கும் கவுண்டருக்கும் நடுவில் போடுங்கள். கதை முடிந்து நூலகம் மூடும்வரை உள்ள அரைமணி நேரம் முழுக்க இந்த மேசைக்குத்தான். அங்கத்துவப் படிவங்கள் மேசையிலேயே இருக்கவேண்டும், பேனையோடு. அன்றைக்கே பிள்ளை புத்தகத்தைக் கொண்டுபோக வழி உண்டா என்று நூலகரிடம் முதலே கேட்டுவையுங்கள். இல்லையென்றால் பெயரையும் புத்தகத் தலைப்பையும் எழுதிவைத்து, படிவம் முடியும்வரை அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

6. அறிவித்தல்

நூலகப் பலகையில் ஒன்று, பக்கத்துப் பாடசாலைகளில் ஒவ்வொன்று. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றிலும் சொல்லச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் திகதி, நேரம், இடம் மட்டும் பெரிதாகப் போடுங்கள். அதிதிகளின் பெயர்ப் பட்டியல் வேண்டாம். கதைசொல்லியின் பெயரைவிடக் கதையின் பெயர் ஆட்களைக் கூட்டிவரும். “கரைவலையில் அகப்பட்ட ஆமை” என்று போட்டதற்கு எங்களிடம் வந்த கூட்டம் வேறு எதற்கும் வரவில்லை.

7. நிகழ்வு நாள்

ஒரு மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். பிள்ளைகளுக்குப் பாய், பெரியவர்களுக்குப் பின்னால் கதிரை, கதைசொல்லிக்குக் கைபிடி உள்ள கதிரை, பக்கத்தில் தண்ணீர். முப்பது பேருக்கு ஒலிவாங்கி தேவையேயில்லை. எங்கள் இரண்டாவது மாலைக்கு ஒரு பெரிய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தோம். அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பிப் போனார்கள். படிக்க வந்தவர்களைத் துரத்திவிட்டு நூலகத்தில் விழா வைத்தோமே என்று அன்று மிகவும் வருந்தினேன். இப்போது ஒலிபெருக்கி கொண்டுவருவதில்லை. உசாத்துணைப் பகுதி வாசலிலும் “ஐந்து மணிவரை பக்கத்தில் கதைமாலை நடக்கிறது” என்று முதல்நாளே ஓர் அறிவித்தல் ஒட்டிவிடுகிறோம்.

மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை என்று நீட்டவேண்டாம். நூலகர் இரண்டு நிமிடம் பேசட்டும். முதல் கதை, ஒரு பாட்டு, இரண்டாவது கதை, பிள்ளைகளின் கேள்விகள், பிறகு மேசை. பிளேன்டீயும் விசுக்கோத்தும் கொடுப்பதானால் வெளி விறாந்தையில், எல்லாம் முடிந்து புத்தகம் பையில் போனபிறகு கொடுங்கள். ஈரக் கையோடு பக்கம் புரட்டினால் நூலகருக்கு மனம் பொறுக்காது, அதில் நியாயமும் உண்டு.

ஒருவரை வாசலில் இருத்தி வருகையைக் கொப்பியில் பதியுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் போனது, எத்தனை பேர் படிவம் எடுத்தார்கள் என்ற மூன்று எண்களும் அடுத்த அனுமதிக் கடிதத்தில் உங்களுக்காகப் பேசும்.

8. பிறகு

திங்கட்கிழமைக்குள் சபைக்கும் நூலகருக்கும் நன்றிக் கடிதம் கொடுத்து, அந்த எண்களை அதில் எழுதுங்கள். அடுத்த கிழமைக்குள் கதையை எழுத்தாக்குங்கள். கதைசொல்லி சம்மதித்திருந்தால் ஒலிப்பதிவிலிருந்து அவருடைய பேச்சு மொழியிலேயே எழுதுங்கள். “மடி”, “தோணி”, “அம்பா” போன்ற சொற்களை மாற்றவேண்டாம். பிள்ளைகள் வரைந்த படங்கள் இருந்தால் இடையில் சேருங்கள். போட்டோக்கொப்பி எடுத்து இரண்டு பிரதி கட்டுங்கள். ஒன்று கதைசொல்லியின் வீட்டுக்கு. மற்றதை ஊர் நூல்களின் அலுமாரியில் வைக்கலாமா என்று நூலகரிடம் கேளுங்கள். எங்கள் நூலகத்தில் அந்தக் கரைவலைக் கதைக்கு இலக்கமிட்டு நாட்டார் கதைகளோடு வைத்திருக்கிறார்கள். பெரியவரின் பேரன் வந்து அதை இரண்டு தரம் இரவல் எடுத்துப் போயிருக்கிறான்.