லேப்ல பாஸ் ஆச்சே சார்: சோதனைக்குப் பொருள் அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடாப்டர், எல்இடி டிரைவர், பேட்டரி சார்ஜர் என்று புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். பொருள் மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதில்லை. அம்பத்தூரில் எங்கள் செட்டு ஆட்கள் காசைக் கரைத்துக் கற்றுக்கொண்டதை இவர்களும் முதலிலிருந்து கற்கிறார்கள்.

படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, கட்டணம் கட்டாமல் வந்து நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஆய்வகமே திருப்பி அனுப்பிவிடும். ஒரு நாள் அலைச்சலோடு போய்விடும்.

எந்த அரசு ஆய்வகமானாலும் சரி என்று நினைப்பது

மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இருக்கும் சோதனை, தரச்சான்று அமைப்பு எஸ்டிக்யூசி. டெல்லி, கொல்கத்தா, மும்பை, திருவனந்தபுரத்தில் ஈஆர்டிஎல் என்ற பெரிய ஆய்வகங்கள்; சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஊர்களில் ஈடிடிசி என்ற சோதனை மையங்கள். சென்னை ஈடிடிசி திருவான்மியூர் பக்கம். இது போக தரமணியில் பிஐஎஸ்ஸின் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தென்மண்டல ஆய்வகம், மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்கு அதே தரமணியில் சமீர் என்ற ஆய்வு நிறுவனம், கிண்டியில் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சோதனை மையம்.

எல்லாம் அரசாங்கம்தான். ஆனால் எல்லா இடத்திலும் எல்லாச் சோதனையும் கிடையாது. ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் அமைப்பு என்ஏபிஎல். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் அதன் அங்கீகாரம் எந்தத் தரநிலைக்கு, எந்தச் சோதனைக்கு என்று தனித்தனியாகப் பட்டியல் உண்டு. என்ஏபிஎல் தளத்திலேயே பார்க்கலாம். பட்டியலில் இல்லாத சோதனையைச் செய்து கொடுத்தாலும் அந்த முடிவுக்கு என்ஏபிஎல் முத்திரை கிடைக்காது. டெண்டர் திறக்கும் நாளில்தான் அது பலருக்குத் தெரியவருகிறது. சில மின்னணுப் பொருட்களை விற்க பிஐஎஸ்ஸிடம் வாங்கியே ஆக வேண்டிய கட்டாயப் பதிவுக்கு என்றால் என்ஏபிஎல் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட தரநிலைக்கு பிஐஎஸ் ஏற்றுக்கொண்ட ஆய்வகமாகவும் இருக்க வேண்டும்.

சாம்பிள் ஒன்று, சரக்கு வேறொன்று

இதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இன்னமும் எரிச்சல் வருகிறது.

12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் செய்கிற ஒருவர். சிசிடிவி கேமராவுக்கும் ரவுட்டருக்கும் போகிற சாதாரண பொருள். சாம்பிளை அவரே மேஜையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துச் செய்தார். டிரான்ஸ்பார்மரின் செகண்டரிக்கு (12 வோல்ட் பக்கச் சுற்று) மூன்று அடுக்கு இன்சுலேஷன் உள்ள கம்பி. பிரைமரிக்கும் (230 வோல்ட் பக்கம்) செகண்டரிக்கும் நடுவே முறையாகச் சான்று பெற்ற ஒய்1 கெபாசிட்டர். ஐஎஸ் 13252 என்ற பாதுகாப்புத் தரநிலைச் சோதனையில் பிரைமரி, செகண்டரி நடுவே 3000 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கியது. ரிப்போர்ட் வந்தது, பதிவு எண் வந்தது, ஆர்டரும் வந்தது.

ஆர்டர் வந்ததும் பர்சேஸில் இருந்தவர் வேலையைக் காட்டினார். டிரான்ஸ்பார்மரை வேறொரு இடத்தில் மலிவாகச் சுற்ற வைத்தார். சாதாரண எனாமல் கம்பி, நடுவில் இரண்டு சுற்று டேப், ஓரத்தில் இடைவெளியே இல்லை. ஒய்1 இருந்த இடத்தில் ஒரு சாதாரண செராமிக் கெபாசிட்டர். இரண்டும் நீல நிற வில்லைதான், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மேலே அச்சிட்டிருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும்: ஒன்றில் ஒய்1 என்ற வகையும் சான்று முத்திரைகளும் இருக்கும், மற்றதில் மதிப்பும் வோல்ட்டேஜும் மட்டும். பீஸுக்குச் சில ரூபாய் மிச்சம்.

அந்தக் கெபாசிட்டர் அங்கே எதற்கு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட் பக்கத்துக்கும், நாம் கையால் தொடுகிற 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே அது ஒரு பாலம். ஒய்1 வகை பழுதானாலும் ஷார்ட் ஆகிவிடக் கூடாது என்று வடிவமைத்துச் சோதிக்கப்பட்டது. சாதாரண வில்லைக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அது ஷார்ட் ஆனால் ரவுட்டரின் கேபிள் முனையைத் தொடுகிறவர் வீட்டு மின்சாரத்தைத் தொடுகிறார்.

கட்டாயப் பதிவுத் திட்டத்தில் பதிவு கொடுக்குமுன் தொழிற்சாலைக்கு வந்து ஆய்வு செய்வதில்லை. சோதனை ரிப்போர்ட்டும், நாம் எழுதிக்கொடுக்கிற உறுதிமொழியும்தான் ஆதாரம். யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பதிவு கிடைத்த பிறகு சந்தையிலிருந்து பொருளை எடுத்துச் சோதிப்பார்கள். இவருடைய அடாப்டரையும் எடுத்தார்கள். தோற்றது. நம்பாமல் குடோனிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சொந்தச் செலவில் தனியாகச் சோதிக்கச் சொன்னார். வோல்ட்டேஜை ஏற்ற ஏற்ற, பாதி தூரம் போகுமுன்னே கருவி அலறிவிட்டது. அப்போதும் அவர் சொன்னது: “லேப்ல பாஸ் ஆச்சே சார்!”

பாஸ் ஆனது அந்த சாம்பிள், ஐயா. ரிப்போர்ட்டின் அடியிலேயே எழுதியிருக்கும்: இந்த முடிவுகள் சோதிக்கப்பட்ட பொருளுக்கு மட்டுமே. அதை யாரும் படிப்பதில்லை. பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது, டீலர்கள் சரக்கைத் திருப்பினார்கள், மிச்சம் பிடித்த சில ரூபாய் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதுதான் கொடுமை. எந்தப் பாகத்தை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று பர்சேஸ்காரருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட்டோடு முக்கிய உதிரிபாகங்களின் பட்டியல் ஒன்று வரும்: பியூஸ், எக்ஸ், ஒய் கெபாசிட்டர்கள், ஆப்டோகப்ளர், டிரான்ஸ்பார்மர், பிசிபி, மேல் பெட்டியின் பிளாஸ்டிக் என்று, தயாரிப்பாளர் பெயர், மாடல் எண் சகிதம். பல இடங்களில் அது முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதன் நகல் பர்சேஸ் மேஜையில் ஒட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், சாம்பிளை மேஜையில் செய்யாதீர்கள். முதல் சிறு உற்பத்தியை லைனில் ஓட்டி, அதிலிருந்து எடுத்து அனுப்புங்கள். தோற்றால் தோற்கட்டும், அப்போது தோற்பது மலிவு. ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் இரண்டு மூன்று தயாரிப்பாளர்களை முதல் சோதனையிலேயே மாற்றாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரிடம் சரக்கு இல்லாத நாளில் கை தானாகக் கடைச் சரக்கை நோக்கிப் போகாது. லேபுக்குப் போன சாம்பிளின் ஜோடி ஒன்றைத் திறந்து, போட்டோ எடுத்து, சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். பட்டியலில் உள்ள பாகத்தை மாற்றியே ஆக வேண்டுமா? முதலில் ஆய்வகத்திடம் கேளுங்கள், பிஐஎஸ்ஸுக்குத் தெரிவியுங்கள், பிறகு வாங்குங்கள்.

லேபிள்தானே என்று விடுவது

தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி தேய்ப்பார்கள். எழுத்து அழியக் கூடாது, ஓரம் சுருளக் கூடாது. பக்கத்துக் கடை இங்க்ஜெட் பிரிண்ட் முதல் தேய்ப்பிலேயே துணிக்கு வந்துவிடும்.

90 நாளை மறப்பது

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ரிப்போர்ட் 90 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. டிரேட்மார்க் பேப்பர் வரட்டும் என்று காத்திருந்து ரிப்போர்ட்டைக் காலாவதியாக்காதீர்கள்.

ஐபி65 என்று வாய்க்கு வந்தபடி எழுதுவது

தெருவிளக்குக்காரர்களின் வியாதி இது. தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் எந்த அளவு தடுக்கும் என்பதைச் சொல்வதுதான் ஐபி எண். 6 என்றால் தூசு அறையில் டால்கம் தூளுக்கு நடுவே வைத்து எடுத்த பிறகு உள்ளே துளித் தூசும் இருக்கக் கூடாது. 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். பெரும்பாலும் தோற்பது விளக்கின் கண்ணாடிப் பக்கம் இல்லை. கேபிள் நுழைகிற இடம். அங்கே கேபிளை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்ட் 10 மில்லிமீட்டர் கேபிளுக்கு, போட்டிருக்கும் கேபிள் 6 மில்லிமீட்டர் என்றால் எந்த கேஸ்கெட்டும் காப்பாற்றாது.

எல்எம்-80 ரிப்போர்ட்டை விளக்கின் ரிப்போர்ட்டாகக் காட்டுவது

அது எல்இடி சிப்பின் ஒளி நாளாக நாளாக எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும் சோதனை. முழு விளக்கின் ஒளியையும் மின்செலவையும் அளப்பது எல்எம்-79.

சோதனை ரிப்போர்ட்டைச் சான்றிதழ் என்று பெட்டியில் அச்சிடுவது

வேண்டாம்.

தோற்றதும் ஆய்வகத்தோடு சண்டை போடுவது

எந்தப் பிரிவில் தோற்றது என்று ரிப்போர்ட்டில் எண் போட்டிருக்கும். பிஐஎஸ் தளத்தில் அந்தத் தரநிலையை எடுத்து, அந்தப் பிரிவை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பிறகு சோதித்த பொறியாளரிடம் “என்ன பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். எந்த இடத்தில் பொறி பறந்தது, எந்தப் பாகம் சூடேறியது என்று பெரும்பாலும் சொல்வார்கள். “எப்படிச் சரிசெய்வது?” என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். டிசைனுக்கு யோசனை சொன்னவரே அதைச் சோதித்து முடிவெழுத முடியாது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. தோற்ற சாம்பிளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.