ஆஸ்திரேலியாவில் முயல் வேட்டை தொடங்க: ரைஃபிளைக் கடைசியில் வாங்குங்கள்

வேட்டைக்குப் போக ஆசைப்படும் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “எந்த ரைஃபிள் வாங்கலாம்?” என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த விலங்கு, யாருடைய நிலம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் ரைஃபிள் கிட்டத்தட்டத் தானே முடிவாகிவிடும். வரிசை மாறினால் விலையுயர்ந்த .308 ரைஃபிள் ஒன்று இரும்புப் பெட்டிக்குள் தூங்கும். சுட இடம் இருக்காது.

நான் இருப்பது சிட்னி. ஆகவே கீழே உள்ளது நியூ சவுத் வேல்ஸ் நடைமுறை. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு; சில இடங்களில் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதல் படி: எதைச் சுடப் போகிறீர்கள்?

தொடங்குபவருக்கு என் பதில் ஒன்றே: முயல். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரருக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த 24 முயல்கள்தான் இன்று இந்தக் கண்டத்தை மேய்வதற்குக் காரணம். அவருக்கு வேட்டையாட வேண்டும் என்று ஆசை. விளைவை நாடு இன்னும் அனுபவிக்கிறது. 1950இல் மிக்ஸோமா வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிறகு உயிர் பிழைத்தவற்றின் குட்டிகள் நோயைத் தாங்கப் பழகின. 1990களில் கலிசிவைரஸ் என்ற இன்னொரு முயல்கொல்லி நோய்க்கிருமி வந்தது. முயல் இன்னும் இருக்கிறது.

நரி, காட்டுப்பன்றி, காடேறிய ஆடு, மான் எல்லாம் அடுத்த கட்டம். மான்களில் இரண்டு நமக்கு நன்றாகத் தெரிந்தவை. விக்டோரியாவின் மலைக்காடுகளில் திரியும் சாம்பார், 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்ட நம் கடமான். இலங்கைத் தமிழர் மரை என்பார்கள். வடக்குக் குவீன்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் மேயும் சித்தல், நம் புள்ளிமான்; 1886இல் மேரிவேல் பண்ணையில் விடப்பட்டது. முதுமலையில் கண்டு மகிழ்ந்த விலங்கை இங்கே சுட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பகுத்தறிவுக்கு ஒத்து வராத காரணம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கங்காரு, வாலபி, வாம்பட் போன்ற உள்ளூர் விலங்குகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அந்திக் கருக்கலில் சிறிய வாலபியும் முயலும் ஒன்றுபோலத் தெரியலாம். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.

இரண்டாம் படி: நிலம்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் துப்பாக்கி உரிமம் கேட்டால் “உண்மையான காரணம்” காட்ட வேண்டும். தற்காப்பு காரணமே ஆகாது. வேட்டைதான் காரணம் என்றால், வேட்டைக் கழக உறுப்பினராக இருப்பது, அல்லது நிலக்காரரின் எழுத்து அனுமதி, அல்லது அரசுக் காடுகளில் வேட்டையாடும் உரிமை போன்ற சான்று காட்ட வேண்டியிருக்கும். கழக உறுப்பினராவது சுலபம். 1948 முதல் இயங்கும் எஸ்.எஸ்.ஏ.ஏ. (ஸ்போர்ட்டிங் ஷூட்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் ஆஸ்திரேலியா) என்ற சங்கத்தில் பெரும்பாலோர் சேர்கிறார்கள். விபத்துக்கான காப்பீடும் உறுப்பினர் அட்டையோடு வருகிறது. அந்தக் காப்பீட்டைப் பற்றி நிலக்காரர்கள் கேட்பதுண்டு.

ஆனால் கழகம் உரிமத்தைத்தான் வாங்கித் தரும்; முயலைக் காட்டாது. அதற்கு வேலியும் வாசலும் உள்ள ஒரு பண்ணை வேண்டும். அதன் உரிமையாளர் உங்களை நம்ப வேண்டும். கையில் துப்பாக்கியோடு போய்க் கதவைத் தட்டுவது அதற்கு வழியல்ல. கிராமப்புற ஊர்களில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை செய்யும் நண்பர் இருந்தால் அவர் மூலம் கேளுங்கள். விவசாயக் கண்காட்சிக்குப் போய்ப் பேசுங்கள். தீவனக் கடைக்காரரைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை பகலில், துப்பாக்கி இல்லாமல் போங்கள். வேலி எங்கே உடைந்திருக்கிறது, முயல் வளைகள் எங்கே, மாடு கன்று ஈனும் வயல் எது, பக்கத்து வீடு எந்தத் திசையில் என்று உரிமையாளரோடு நடந்து பாருங்கள். அனுமதியைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். அனுமதியின்றித் துப்பாக்கியோடு ஒருவர் நிலத்தில் நுழைவது கடுமையான குற்றம். “தெரியாமல் வந்துவிட்டேன்” என்று சொல்லித் தப்ப முடியாது.

அதற்குப் பிறகு விதிகள் எளியவை. ஒவ்வொரு முறையும் போகுமுன் போன் செய்யுங்கள். வாசற்கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். “திறந்து கிடக்கிறதே” என்று நல்லெண்ணத்தில் மூடினால், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை ஆடுகளுக்கு அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த கோடையில் நெருப்புத் தடை அறிவித்த நாளில் காரைப் புல்லுக்குள் விடாதீர்கள். நரியைச் சுட்டால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ஆடு குட்டி ஈனும் காலத்தில் அந்த ஒரு செய்திக்காகவே உங்களை மறுபடி கூப்பிடுவார்கள்.

நிலம் கிடைக்கவே இல்லையா? மாநிலக் காடுகள் இருக்கின்றன. அதற்குத் தனியாக வேட்டை உரிமம் எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் இணையத்தில் முன்பதிவு செய்து எழுத்து அனுமதி பெற வேண்டும்; ஜி.பி.எஸ். கருவியும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடையும் கட்டாயம். தேசியப் பூங்காக்களுக்குள் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

மூன்றாம் படி: உரிமம்

பாதுகாப்புப் பயிற்சி, விண்ணப்பம், காவல்துறையின் பின்னணிச் சோதனை, காத்திருப்பு. முயலுக்கு ஏ வகுப்பு போதும். ஆனால் ஏ, பி இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தோட்டாவின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் ரிம்ஃபயர் ரைஃபிள், சாதாரண இரட்டைக் குழல் ஷாட்கன் எல்லாம் ஏ. தோட்டாவின் நடுவில் அடிபட்டு வெடிக்கும் சென்டர்ஃபயர் வகையில், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் பி. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைகள் சாதாரண வேட்டைக்காரருக்குக் கிடைக்காது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு எடுத்த முடிவு அது, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டைக் கடற்கரையில் நடந்த துப்பாக்கித் தாக்குதலுக்குப் பிறகு இங்கே சட்டம் இன்னும் இறுகிவிட்டது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியா அதற்கு முன்பே வரம்பு வைத்துவிட்டது. எனவே பழைய வழிகாட்டிகளை நம்பாமல் விண்ணப்பிக்கும் நாளன்று காவல்துறையின் துப்பாக்கிப் பதிவகத் தளத்தைப் பாருங்கள்.

உரிமம் கைக்கு வந்தாலும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வாங்கும் அனுமதி தனி. முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். தோட்டாவும் அப்படித்தான்: உங்கள் பெயரில் பதிவான துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவுதான் கடையில் தருவார்கள்.

நான்காம் படி: ரைஃபிள்

முயலுக்கு .22 லாங் ரைஃபிள் (இது தோட்டா அளவின் பெயர்), போல்ட் ஆக்‌ஷன். விவாதம் முடிந்தது. செக் நாட்டு சீ.இஸட். 457 அல்லது நம் லித்கோவில் செய்த எல்.ஏ.101 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். லித்கோ தொழிற்சாலை 1912இல் தொடங்கி ராணுவத்துக்கு லீ என்ஃபீல்டு செய்த இடம். அந்தப் பழம்பெருமைக்காக நான் கொஞ்சம் ஒருபக்கம் சாய்வேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நரிக்கும் ஆட்டுக்கும் .223 ரெமிங்டன். பன்றிக்கும் மானுக்கும் .308 வின்செஸ்டர். இவை மூன்றும் எந்தக் கிராமத்துக் கடையிலும் தோட்டா கிடைக்கும் அளவுகள். புதிது புதிதாக வரும் அளவுகளைப் பற்றி இணையத்தில் அடித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஊர்க்கடையில் தோட்டா இல்லை என்றால் அந்த விவாதத்தால் என்ன பயன்? விக்டோரியாவில் மான் வேட்டைக்குச் சட்டமே அளவு சொல்கிறது: சாம்பாருக்குக் குறைந்தது .270, குண்டின் எடை 130 கிரெய்ன். .223ஐ எடுத்துக்கொண்டு அங்கே போய்விடாதீர்கள்.

ரைஃபிளுக்குச் செலவழிக்கும் காசில் பாதியையாவது ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, ஒதுக்குங்கள். உருப்பெருக்கம் மூன்றிலிருந்து ஒன்பது வரை போதும். .22க்கு வாங்கும்போது ரிம்ஃபயர் ஸ்கோப்தானா என்று கேளுங்கள்; அவை ஏறக்குறைய 50 மீட்டருக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கும். 100 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப்பில் முயலைச் சுடும் 50 மீட்டர் தூரத்தில் கண்ணை லேசாக நகர்த்தினாலே குறி விலகித் தெரியும்.

ஐந்தாம் படி: சீரோ செய்வது

ஸ்கோப்பின் குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாக வேண்டும். கழகத்தின் சுடுதளத்தில் செய்யுங்கள், பண்ணையில் அல்ல. பெரும்பாலோர் தோட்டாப் பெட்டியைத் தீர்ப்பது இங்கேதான். ஒரே காரணம்: கணக்கு.

பெரும்பாலான ஸ்கோப்களில் குறியை நகர்த்தும் திருகியின் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு.) அது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். ஆனால் 50 மீட்டரில் அதில் பாதி, 25 மீட்டரில் கால் பங்கு. பெட்டியில் அச்சிட்டிருப்பது 100க்கான அளவு மட்டும். தோட்டா 5 சென்டிமீட்டர் தாழ்வாக விழுகிறது என்று வையுங்கள். 100 மீட்டரில் 7 கிளிக். 50 மீட்டரில் 14. 25 மீட்டரில் 28. 25 மீட்டரில் நின்றுகொண்டு 7 கிளிக் திருகிவிட்டு, “ஸ்கோப் கெட்டுப்போய்விட்டது” என்று திட்டுபவர்களை எந்தச் சுடுதளத்திலும் பார்க்கலாம்.

இதனால்தான் மில் என்ற கோண அளவில் கணக்கிடும் ஸ்கோப்பை வாங்கச் சொல்கிறேன். ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர், 50இல் 5 மில்லிமீட்டர், 25இல் இரண்டரை. மீட்டரில் வாழும் நாட்டில் அங்குலக் கணக்கோடு எதற்கு மல்லுக்கட்டு?

போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாக 25 மீட்டர் பலகையைப் பாருங்கள். ரைஃபிளை மணல்மூட்டைமேல் அசையாமல் வைத்து, குழலுக்குள் புள்ளி நடுவில் தெரியும்போது ஸ்கோப்பின் குறியையும் அதே புள்ளிக்குத் திருகுங்கள். முதல் தோட்டா பலகையிலாவது விழும். மூன்று தோட்டா சுடுங்கள். மூன்றின் நடுவிலிருந்து அளங்கள். ஒன்றை மட்டும் வைத்துத் திருகாதீர்கள். திருகியின் அம்புக்குறி தோட்டா நகர வேண்டிய திசையைக் காட்டுகிறது: தாழ்வாக விழுந்தால் மேலே. பிறகு 50 மீட்டருக்குப் போய் அங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் ஆளுக்கொரு மூலையில் விழுந்தால் திருகியைத் தொடாதீர்கள். ஸ்கோப் வளையத்தின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் தோட்டாவின் பிராண்டை மாற்றுங்கள். .22 ரைஃபிள்களுக்கு மாமியார் குணம் உண்டு: ஒன்றுக்குப் பிடித்த தோட்டா அடுத்ததற்குப் பிடிக்காது. நாலைந்து வகையைச் சின்னப் பெட்டியில் வாங்கிச் சோதித்து, நெருக்கமாக விழும் வகையை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். வகையை மாற்றினால் சீரோவும் மாறும்.

50 மீட்டரில் சீரோ செய்த ரைஃபிளில், மெதுவாகப் போகும் சப்ஸோனிக் தோட்டா 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். ஆகவே 60, 70 மீட்டருக்கு அப்பால் உள்ள முயலை விட்டுவிடுங்கள். காயப்பட்டு வளைக்குள் ஓடிச் சாகும் முயலைப் போலக் கேவலமான வேட்டை வேறில்லை.

ஆறாம் படி: வயலில்

முயலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். .22 தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் போகக்கூடியது. கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம், வானம் தெரிந்தால் கூடாது. இரவில் விளக்கடித்து வேட்டையாடும்போது மின்னும் கண்ணைப் பார்த்துச் சுடவே சுடாதீர்கள். உடல் முழுதாகத் தெரிய வேண்டும். கன்றுக்குட்டிக்கும் பண்ணை நாய்க்கும்கூடக் கண் மின்னும்.

நீங்கள் சுடும் முயல்களால் அந்தப் பண்ணையின் முயல் தொல்லை தீர்ந்துவிடாது. வளைகளை இயந்திரத்தால் கிழித்து மூடுவது, விஷத்தீனி, வைரஸ் ஆகியவை சேர்ந்துதான் தீர்க்கும். துப்பாக்கி மிச்சத்தைப் பொறுக்கும், அவ்வளவுதான். பண்ணைக்காரருக்கு இது தெரியும். அவரிடம் போய் “நான் உங்கள் பிரச்சினையைத் தீர்க்கிறேன்” என்று சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட பிறகு

வாடகை வீட்டில் இருக்கும் பலர் எழுதியிருந்தார்கள். ஏ, பி வகுப்புத் துப்பாக்கிக்கான பெட்டி காலியாக 150 கிலோவுக்குக் குறைவு என்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். சுவரில் துளையிட வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். துப்பாக்கிக்கு அனுமதி கேட்கும்முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நியூ சவுத் வேல்ஸின் மேற்கே கோபார், பர்க் பக்கம் போகும் ஒருவர் ஆடுகளைப் பற்றிக் கேட்டார். அங்கே காடேறிய ஆட்டைப் பிடித்து விற்பதே சில பண்ணைகளுக்கு நல்ல வருமானம். ஆட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் நாடு இது. தொல்லை விலங்குதானே என்று நினைத்து பண்ணைக்காரருடைய பணத்தைச் சுட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டுச் சுடுங்கள்.

இறைச்சி பற்றித்தான் அதிகம் பேர் கேட்டார்கள். கண்கள் வீங்கிய முயல் மிக்ஸோமா பிடித்தது, சமையலுக்கு வேண்டாம். பன்றியை அறுக்கும்போது கையுறை கட்டாயம். புரூசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும். விலங்குகளை அடிக்கடி அறுப்பவர்கள், விலங்குகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பண்ணை வாசலில் 1080 என்ற விஷம் வைத்திருப்பதாகப் பலகை இருந்தால் அன்றைக்கு மிளகுக் குழம்புக் கனவை மறந்துவிட்டு, நாயையும் காரைவிட்டு இறக்காதீர்கள். அந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது.