பொலிஸுக்கு எதிரான வழக்கை நாமே கெடுத்துக்கொள்வது எப்படி

பொலிஸ் அடித்தது உண்மை, அடித்தவர் யாரென்றும் தெரியும், காயமும் இருக்கிறது, ஆனாலும் மனு தள்ளுபடி ஆகிறது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் அடிப்படை உரிமை வழக்குப் பேசுகிற சட்டத்தரணிகளுக்கு இது புதிதல்ல. எவ்வளவு கெட்டிக்காரச் சட்டத்தரணியைப் பிடித்தாலும், அவரிடம் போவதற்கு முன் நாம் செய்துவைத்த காரியங்களை அவரால் அழிக்க முடியாது.

முதலில் திகதி. இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனு நேரடியாக நாட்டின் ஆக மேலான உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்தில் நம் ஆட்கள் செய்வது என்ன? எம்பிக்கு ஒரு கடிதம், பொலிஸ் மா அதிபருக்குப் பதிவுத் தபாலில் இன்னொன்று, அப்புறம் "உள்ளுக்குள்ள விசாரணை நடக்குது, கொஞ்சம் பொறுங்கோ" என்று யாரோ சொல்ல, பொறுத்துக்கொண்டு இருப்பது. இது எதற்காகவும் அந்த மாதம் நின்று தராது.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போவது வேறு விஷயம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. சரி, முறைப்பாட்டு இலக்கம் கிடைத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. இலக்கம் மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்று காட்டுங்கள் என உயர் நீதிமன்றம் சில தீர்ப்புகளில் கேட்டிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டைப் போடுங்கள், மனுவும் ஒரு பக்கத்தில் தயாராகட்டும்.

வேகமாகப் போனால் என்ன நடக்கும் என்பதையும் கொழும்பு பார்த்திருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு உடனே மனுப் போட்டது, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

அடுத்தது நீதவானுக்கு முன்னால் வாய்மூடி நிற்பது. அடித்த ஆளே பக்கத்தில் நிற்கும்போது பேசப் பயம்தான், ஆனால் அன்றைக்குச் சொல்லாததை மூன்று வாரம் கழித்துச் சொன்னால், "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சொன்னால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவான் உத்தரவிடலாம். விடுதலையாகி வந்தால் தனியார் டிஸ்பென்சரிக்குப் போய்த் தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அரச ஆஸ்பத்திரியில் அனுமதியாகுங்கள். விழுந்துவிட்டேன் என்று டொக்டரிடம் சொல்லவே கூடாது. யார், எதைக் கொண்டு, உடம்பில் எங்கே அடித்தார் என்று சொல்லுங்கள், அதுதான் அறிக்கையில் ஏறும்.

இதைவிட மோசமானது, "கடமைக்கு இடையூறு" என்று போட்ட பொய் வழக்கில், தண்டப்பணத்தோடு முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது. அலைச்சல் மிச்சம் என்று வீட்டுக்காரரே இதைச் சொல்லுவார்கள். ஒப்புக்கொண்டால், உங்களைப் பிடித்தது நியாயம்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்து வைப்பதைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தமிழும் ஆட்சி மொழி, தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடியாமல் போனால், வாசித்து விளங்கப்படுத்தவில்லை என்று தமிழில் எழுதி அதன் கீழ் கையெழுத்து வையுங்கள். சாதாரணச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சான்றாகாது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ கொடுத்தது செல்லும். அங்கே ஒரு கையெழுத்தின் விலையே வேறு.

சத்தியக்கடதாசியில் உப்புப் புளி சேர்க்காதீர்கள். மூன்று அடி முப்பதாக மாறினால், வைத்திய அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சி. கோபத்தில் ஒரு ஸ்டேஷனையே எதிர்மனுதாரராக்குவதும் வேண்டாம், ஆனால் அடித்தவரை விட்டுவிடவும் வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் பதவி, அடையாளம், நேரம் என்று தெரிந்ததையெல்லாம் அன்றைக்கே குறித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

கடைசியாக, இந்த வழக்கால் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் இறங்குவது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியது பற்றிய அடிப்படை உரிமை வழக்கில் 2023 ஜனவரி 12இல் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். பெரிய தீர்ப்புத்தான், ஆனால் அடிப்படை உரிமை மனுவில் யாரும் சிறைக்குப் போவதில்லை. அதற்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது: மேல் நீதிமன்றம், குறைந்தது 7 வருடச் சிறை, குற்றப்பத்திரம் சட்டமா அதிபர் கையில். இரண்டும் வேண்டுமென்றால் முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஒரு வழக்கில் கொடுத்த வாக்குமூலத்தை மற்ற வழக்கில் எதிர்த்தரப்பு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும்.