ஆமைக்குஞ்சுக்கு ஒரு பேரேடு: நோய் அறிதலும் பராமரிப்பும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியைக் கேட்டே வளர்ந்த ஊரில், எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஓர் ஆமைக்குஞ்சு வளர்வதை அப்பத்தா ஏற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் நான் கண்டது, ஆமையால் வீட்டுக்கு வரும் கேட்டைவிட வீட்டால் ஆமைக்கு வரும் கேடே அதிகம் என்பதுதான். வெயிலைத் தாங்குவதற்கென்றே தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் தரையுமாகக் கட்டப்பட்ட செட்டிநாட்டு வீடுகள் மனிதருக்கு இதம். உடம்புச் சூட்டை வெளியிலிருந்து பெற்றால்தான் தின்றதைச் செரிக்கவும் நோயை எதிர்க்கவும் முடிகிற ஒரு பிராணிக்கோ, அதே குளிர்ச்சி மெல்லக் கொல்லும் நஞ்சு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். புதர்க்காடுகளில் மழைக்குப் பின் தென்படும் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. குழந்தைகள் அதை எடுத்து வந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இங்கே நான் எழுதுவது, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சல்காட்டா நிலத்தாமையின் குஞ்சைப் பற்றி. அயல்நாட்டு இனமான அதை வைத்திருப்போர், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குஞ்சு வளர்ந்தால் 40, 50 கிலோவைத் தாண்டும், எழுபது ஆண்டு வாழக்கூடும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே வீட்டார் எல்லோரும் கூடிப் பேசிக்கொள்வது நல்லது.

இருப்பிடமும் வெயிலும்

ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் சறுக்கும். நாள்தோறும் அப்படி நடந்தால் மூட்டுகள் கோணும். எனவே தரையில் விட வேண்டாம். மூன்றடி நீளமுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ பலகைப் பெட்டியோ போதும். அடியில், கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவைக் கைப்பிடி உயரத்துக்குப் பரப்பி, கையால் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக வைக்க வேண்டும். மணலைப் போட்டால் இரையோடு அதையும் விழுங்கிக் குடல் அடைபடும். பாலைவன ஓரத்து ஆமைதானே, காய்ந்தே இருக்கட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். ஆனால் இயற்கையில் அது பகல் வெக்கையைக் கழிப்பது ஈரமான வளைக்குள். குஞ்சுப் பருவத்தில் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் வரை இல்லாவிட்டால், ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் சிறு கோபுரம்போல் மேடிட்டு வளரும், பிறகு அதை மாற்ற முடியாது.

பெட்டியின் ஒரு மூலை 35 டிகிரி செல்சியஸ் வரை சூடாகவும், எதிர் மூலை 27 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். சூட்டைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும். இரவில் 26க்குக் கீழே இறங்கக் கூடாது. மார்கழி, தை இரவுகளில் நம் பக்கத்திலும் பெட்டி இதைவிடக் குளிர்ந்துவிடுவதால், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பும், அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் தேவைப்படும். கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுவது போதாது. இரண்டு வெப்பமானிகளை இரு மூலைகளிலும் வையுங்கள்.

முற்றத்து வெயில் ஒரு வரம். ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி வேண்டும். அது உண்டாகச் சூரியனின் புற ஊதாக் கதிர் தோலில் படவேண்டும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வைத்து வெயில் காட்டியதாகக் கணக்கு வைத்துக்கொள்வதில் பயனில்லை. காலை 8 மணிக்கு மேல் அரை மணி நேரம், பாதி நிழலுள்ள அகலமான தட்டுக்கூடையில் வைத்து, அருகிலேயே உட்கார்ந்திருங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அது அடுப்பாகிவிடும். முற்றத்தின் மேலே காக்கையும் பருந்தும், கீழே பூனையும் கட்டெறும்பும் இருப்பதை ஒரு போன் அழைப்பு மறக்கடித்துவிடும்.

தீனி

இது புல் தின்னும் பிராணி. அறுகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள்ளைச் சுட்டு நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி நாள்தோறும் கொடுக்கலாம். முருங்கைக்கீரை நல்லது, ஆனால் சத்து மிகுந்தது என்பதால் வாரம் ஒன்றிரண்டு முறை போதும். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். பழம் குடலைப் புளிக்கச் செய்யும். சோறு, இட்லி, தயிர், பிஸ்கட் எதுவும் கூடாது. விருந்தோம்பலில் பேர் போன ஊரில் இதைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் வீட்டுக்கு வருகிற ஆச்சிமார் ஒவ்வொருவரும் எதையாவது ஒரு துணுக்கு நீட்டாமல் போவதில்லை. சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை வாங்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, காய்ந்தபின் சுரண்டித் தீனியின் மேல் தூவலாம்.

கணக்கு எழுதுதல்

ஆமை நோயை மறைக்கும். இளைத்துப் போனதைக் காட்டுகிற இரை, காட்டில் முதலில் பிடிபடும் என்பதால் அதன் உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. வலித்தால் கத்தாது, காய்ச்சலில் முனகாது. நமக்குப் புலப்படும் அளவுக்குச் சோர்ந்துவிட்டது என்றால் நோய் பல நாள்களுக்கு, சில சமயம் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். இந்த இடைவெளியைக் குறைக்க நான் அறிந்த ஒரே வழி கணக்கு எழுதுவதுதான். வட்டிக்கடைப் பேரேடும் ஆண்டு முடிவின் ஐந்தொகையும் எழுதிப் பழகிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும், ஒரு கிராம் வித்தியாசத்தைக் காட்டும் எடை இயந்திரமும் போதும். சமையலறை எடை இயந்திரத்தையே பயன்படுத்துவதானால் தட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான ஆமையின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாமல் இருப்பது, குஞ்சின் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவாதது ஆகிய மூன்றும் கட்டாயம்.

தினமும் காலையில் குஞ்சு வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் நிற்க வேண்டும். மேலோடும் அடியோடும் சேரும் கோடு வரை நீர் இருந்தால் போதும். தலையைத் தாழ்த்தினால் குடிக்கவும், தூக்கினால் மூச்சுவிடவும் முடிய வேண்டும். பெரும்பாலும் அந்த நீரில்தான் மலமும் சிறுநீரும் கழிக்கும். அதைப் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். நல்ல மலம் கரும்பச்சை நிறத்தில், நாரோடிய கயிறுபோல் உருண்டு இருக்கும். சிறுநீரோடு தயிர்போல் வெள்ளையாக வருவது யூரேட் என்ற உப்பு. அது மெத்தென்று இருக்கும்வரை கவலையில்லை. விரலால் தேய்க்கையில் மணல்போல் நறநறத்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள், கவனிக்காவிட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். நீராட்டிய பின் துடைத்து, வாரம் ஒரே நாளில், தீனி வைப்பதற்கு முன் எடை பாருங்கள். தேதி, எடை, தின்றதா, கழித்ததா, கண் எப்படி என ஐந்து கட்டங்கள் போதும்.

எங்கள் குஞ்சின் நோட்டில் ஒரு பக்கத்தில் 62, 61, 58 என்று மூன்று வாரத்து எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அந்த மூன்று வாரமும் அது செம்பருத்திப் பூவைக் கண்டவுடன் ஓடிவந்து, இதழை முன்காலால் மிதித்துக் கிழித்துத் தின்றது. அப்பத்தாவே, "நல்லாத்தானேப்பா திங்குது, அதுக்கென்ன கேடு?" என்று கேட்டார். கண்ணுக்குக் கேடு தெரியவில்லை, நோட்டில் தெரிந்தது. வளர வேண்டிய குஞ்சு மூன்று வாரத்தில் நான்கு கிராம் இழந்திருந்தது; நமக்கு நான்கு கிராம் ஒன்றுமில்லை, அதன் உடம்பில் அது பதினைந்தில் ஒரு பங்கு. மலத்தைச் சோதித்ததில் குடற்புழு மிகுந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் எடைக்கேற்ப அளந்து தந்த மருந்தில் சரியாயிற்று. நோட்டு இல்லையென்றால் அது தீனியை விட்டபிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்க்கும் முறை

குஞ்சைக் கையில் எடுத்தவுடன், அதன் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் கனமாக, ஒரு சிறு கூழாங்கல்லைப்போல் உணர வேண்டும். நான்கு கால்களும் விரலை உந்தித் தள்ள வேண்டும். கண் திறந்து, ஈரப் பளபளப்போடு இருக்க வேண்டும். குழி விழுந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது, இமை வீங்கி ஒட்டியிருந்தால் தூசியோ கிருமியோ சத்துக்குறைவோ காரணமாகலாம். வைட்டமின் ஏ குறைவு என்று தாமாகவே முடிவுகட்டி மருந்து வாங்கிக் கொடுப்போர் உண்டு. அந்த வைட்டமின் அளவு மீறினால் தோலே உரிந்துவரும்.

மூக்கை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நீர் குடித்த உடனே ஒரு துளி தெரிவது வேறு. உலர்ந்திருக்கும் நேரத்திலும் குமிழி வருவது, மூச்சில் விசில்போல் ஒலி கேட்பது, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குவது ஆகியவை நுரையீரல் நோயின் குறிகள். ஆமையால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாததால், இது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. குளிர்ச்சியும் ஈரமும் ஒருசேர இருக்கும் பெட்டியில்தான் இது பெரும்பாலும் வருகிறது. ஈரம் தேவைதான், ஆனால் சூட்டோடு சேர்ந்த ஈரமே தேவை.

ஓட்டைப் பற்றித்தான் வீண் பயமும் வீண் தைரியமும் அதிகம். பிறந்த சில மாதங்களுக்கு ஓடு நகம்போல் சற்றே வளைந்துகொடுப்பது இயல்பு. அடியோட்டின் நடுவே தெரியும் கோடு தொப்புள் வடு. கட்டங்களுக்கு இடையே வெளிறிய புதுக்கோடு தென்பட்டால் அது பூஞ்சை அன்று, வளர்ச்சி. என் நண்பர் ஒருவர் அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் புண்ணாக்கிவிட்டார். ஆனால் மாதங்கள் செல்லச் செல்லக் கெட்டிப்படாமல் மேலும் மெத்தென்று ஆவது, தாடை ரப்பர்போல் வளைவது, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க முடியாதது ஆகியவை எலும்பு நோய். வயிற்றுப் பக்கத்து ஓடு சிவந்து நாறினால், நீர் கசிந்தால், ஓடு அழுகத் தொடங்கியிருக்கிறது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுவது அழுக்கைப் பிடித்துவைத்துக் கிருமியை வளர்க்கும்.

நோய் தெரிந்தால்

முதல் வேலை சூடு. பெட்டியை இரவும் பகலும் 29, 30 டிகிரியில் வையுங்கள். குளிர்ந்த உடம்பில் மருந்தும் வேலை செய்யாது. தென்னைநாரை எடுத்துவிட்டு வெறும் செய்தித்தாள் விரித்தால் மலமும் கசிவும் தெளிவாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு இருமுறை நிறுத்துங்கள், ஆனால் கழுத்தைத் தூக்க முடியாத குஞ்சை நீரில் தனியே விடாதீர்கள். வாயைத் திறந்து ஊட்ட முயலாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெயிலில் மயங்கி வாயில் நுரை தள்ளிய குஞ்சை நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஐஸ் தண்ணீர் கூடாது. குதம் வெளியே தள்ளியிருந்தால் உள்ளே அழுத்தாமல், ஈரத் துணியால் மூடி அப்போதே புறப்படுங்கள். ஓடு உடைந்திருந்தால் உப்பு நீரால் கழுவி, சுத்தமான துணி சுற்றி, ஈ அண்டாமல் எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் அப்புவதும் பசை போட்டு ஒட்டுவதும் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

வாய் திறந்து மூச்சுவிடுதல், இரத்தம், குதம் தள்ளல், தலை தொங்குதல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். பெட்டியின் சூடு சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலும், கண் திறக்காவிட்டாலும், இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டையும் மாட்டையும் நாள்தோறும் பார்க்கும் உள்ளூர்க் கால்நடை மருத்துவருக்கு ஆமை புதிதாக இருக்கலாம். அது அவர் குறையன்று. அவரே ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, ஊர்வன பார்க்கும் மருத்துவருக்கோ அனுப்பக்கூடும். ஒன்றை மட்டும் பணிவாக, ஆனால் மறக்காமல் சொல்லுங்கள்: ஆடுகளுக்குப் புழு நீக்கப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்குக் கொடிய நஞ்சு.

எடுத்துச் செல்ல ஓர் ஓலைக் கொட்டான் போதும். காற்றுப் போகும், இருட்டாக இருக்கும். உள்ளே துண்டை மடித்துப் போட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஓரத்தில் வைத்து, பேருந்து சன்னல் காற்று படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மலத்தைச் சிறு டப்பாவிலும், நோட்டைப் பையிலும் எடுத்துக்கொள்ளுங்கள். "கொஞ்ச நாளாகச் சரியாகத் தின்னவில்லை" என்ற பேச்சைக் காட்டிலும், தேதியோடு எழுதிய எடைகள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

மருந்து முடிந்ததும் பழைய பெட்டிக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். தென்னைநாரை எறிந்து, பெட்டியைச் சோப்பால் தேய்த்து வெயிலில் காயவைத்து, நோய்க்கு முன்னிருந்த எடையை நோட்டில் மறுபடி எழுதும் வாரம்வரை செய்தித்தாளிலேயே இருக்கட்டும். எங்கள் குஞ்சு 58இலிருந்து 62க்குத் திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. ஆறாம் வாரத்தில், அப்பத்தாவே நோட்டை வாங்கி 64 என்று எழுதினார்.