கோனியாவின் மேல் வந்த தீர்ப்பு: எரேமியா 22:24-30ஐ வாசிப்பது எப்படி?

எங்கள் வேதபாட வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, சந்தானமற்றவன்னு எழுதச் சொன்ன ஆளுக்கு மத்தேயு முதல் அதிகாரத்துல மகன் எப்படி வந்தான்?" எரேமியா 22:30இல் யூதாவின் ராஜா கோனியாவை "சந்தானமற்றவன்", அதாவது பிள்ளையில்லாதவன், என்று எழுதச் சொல்கிறார் கர்த்தர்; மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சப் பட்டியலிலோ அவனுக்கு மகன் இருக்கிறான். அன்று என்னிடம் பதில் இல்லை. பல வாரம் உட்கார்ந்து வாசித்த பிறகு எனக்குப் பிடிபட்ட வழி இது.

அச்சு வேதாகமம் ஒன்று, நோட்டு, பென்சில் போதும். ஒத்தவாக்கியக் குறிப்புகள் (தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டுபவை) உள்ள பதிப்பாக இருக்கட்டும். செல்போன் செயலியை இதற்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம் முதல் படியிலேயே தெரியும்.

படி 1: பெயர்கள்

கோனியா, எகொனியா, யோயாக்கீன் மூன்றும் ஒரே ஆள். செயலியில் ஒரு பெயரைத் தேடினால் மற்ற இரண்டும் வராது. யோயாக்கீம் என்பது அப்பா. கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். அப்பாவுக்கான தீர்ப்பு 22:18-19இலும் 36:30இலும் தனியாக இருக்கிறது. இருவருக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

படி 2: வரலாறு

2 இராஜாக்கள் 24, 25. பதினெட்டு வயதில் ராஜா, ஆண்டது மூன்றே மாதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்து, தாயோடு பாபிலோனுக்குப் போனான். சிறையிருப்பின் 37ஆம் வருஷத்தில், அப்போது பாபிலோனின் ராஜாவான ஏவில்மெரொதாக் அவனை விடுவித்தான்.

படி 3: 30ஆம் வசனம்

நான் சறுக்கியது இங்கேதான். "சந்தானமற்றவன்" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். இரண்டு வசனம் முன்னால் போங்கள்: அவனும் அவன் சந்ததியும் துரத்தப்பட்டதாக 28ஆம் வசனமே சொல்கிறது. அப்படியானால் பிள்ளை பிறக்காது என்பது இதன் பொருளாக இருக்க முடியாது. "எழுதுங்கள்" என்ற கட்டளையைக் கவனியுங்கள். வாரிசுப் பட்டியல் எழுதுகிறவனுக்குச் சொல்வதுபோல இருக்கிறது: இவனுக்கு நேராக வாரிசு இல்லை என்று பதிந்துகொள். எதற்கு வாரிசு? அதே வசனத்தின் பின்பாதி சொல்கிறது: தாவீதின் சிங்காசனத்துக்கு.

இதைத் தெளிவாக்கியது பாபிலோன் களிமண் பலகைகள். 1939இல் எர்ன்ஸ்ட் வெய்ட்னர் என்ற ஆய்வாளர் வெளியிட்டவை. யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு அதில் இருக்கிறது. மகன்கள் உண்டு, சிங்காசனம் இல்லை. அவனுக்குப் பிறகு ஆண்ட சிதேக்கியாவும் அவன் மகன் அல்ல, சிற்றப்பன்.

படி 4: மோதிரம்

24ஆம் வசனத்தில் கர்த்தர் கழற்றி எறிகிற முத்திரை மோதிரத்தை வைத்துக்கொண்டு ஆகாய் 2:23க்குப் போங்கள். அங்கே கோனியாவின் பேரன் செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். கழற்றிய மோதிரம் பேரனிடத்தில் திரும்பி வருகிறது! ஆனாலும் செருபாபேல் பெர்சிய ராஜாவின் கீழ் யூதாவின் தலைவன்தான், ராஜா அல்ல. எனக்கு இந்த முழுப் பாடத்திலும் மனதை உருக்கிய இடம் இது.

படி 5: அதிகாரத்தைத் தாண்டுங்கள்

22இல் நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது. 23:5இல் தாவீதுக்கு நீதியுள்ள ஒரு கிளை எழும்பும் என்று வருகிறது.

பின்சேர்க்கை: "அப்போ இயேசு எப்படி தாவீதின் சிங்காசனத்துக்கு வரலாம்?" என்று பலர் கேட்டீர்கள். மத்தேயு எகொனியா வழியாக எழுதுகிறார். லூக்கா தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாக. லூக்காவில் இருப்பது மரியாளின் வம்சம் என்று பலர் விளக்குவார்கள். ஆனால் லூக்கா மரியாளின் பெயரை அந்தப் பட்டியலில் சொல்லவில்லை, கோனியாவின் மகன் சலாத்தியேலும் பேரன் செருபாபேலும் இரண்டு பட்டியலிலும் வருகிறார்கள். யூத ரபீக்கள் சிறையிருப்பே பாவநிவிர்த்தியானது, அதனால் தீர்ப்பு நீங்கியது என்றார்கள். மனந்திரும்பினால் சொன்ன தீங்கைச் செய்யமாட்டேன் என்கிற எரேமியா 18:7-8ஐயும் ஆகாயின் மோதிரத்தையும் சேர்த்து வாசிக்கும்போது என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது.

இன்னொரு கேள்வி: அவன் ராஜாவானபோது எட்டு வயது என்று 2 நாளாகமம் 36:9 சொல்கிறதே? 2 இராஜாக்கள் 24:15ஐப் பாருங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோனவர்களில் அவனுடைய மனைவிகளும் இருக்கிறார்கள். நான் பதினெட்டையே எடுத்துக்கொள்கிறேன்.