முதல் ஓவியப் பிரதி: தாள், மை, சட்டம் பார்த்து வாங்கும் முறை

ஓவியப் பிரதி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்க்கிறார்கள், பிறகு சட்டத்தைப் பார்க்கிறார்கள். தாளையும் மையையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கிளிநொச்சியில் மூன்று மாரிகளைத் தாங்கும் படத்துக்கும் ஒரே கோடையில் வெளிறும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டில்தான் இருக்கிறது. இடப்பெயர்வுகளில் சுவரில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் வாழும் மண் இது. இப்போது கட்டிய வீட்டில் ஒரு படம் மாட்டினால் அது நிலைக்க வேண்டும். ஆகவே முதல் பிரதியை வாங்கப்போகிறவருக்காக, ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1. எதை வாங்குகிறோம்?

மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ ஓவியரே செதுக்கி அச்சிடுவது மூல அச்சு. அது பிரதி அல்ல, விலையும் வேறு. ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தைப் படம்பிடித்து மறுபடி அச்சிடுவதே பிரதி. அதிலும் சுவரொட்டி, நாட்காட்டி போல ஓப்செட் இயந்திரத்தில் வருவது ஒன்று. நிறமி மையால் இன்க்ஜெட் இயந்திரத்தில் நல்ல தாளில் வருவது இன்னொன்று. நாம் தேடுவது இரண்டாவதை.

பிரதி என்றவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம் வீடுகளின் சாமி அறைகளில் இருக்கும் சரஸ்வதியும் லட்சுமியும் எந்த வழியில் வந்தவர்கள்? ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, நிறத்துக்கு ஒரு கல்லாகக் கல்லச்சில் அடித்துப் பரப்பிய, தைல ஓவியம் போலத் தோன்றும் ஒலியோகிராப் படங்களின் வழியில் வந்தவர்கள்.

2. தாளில் பிறந்த ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள்

தைல ஓவியத்தில் தூரிகை விட்ட மேடு பள்ளம் இருக்கும். எத்தனை நல்ல இயந்திரமும் அதைத் தட்டையாக்கிவிடும். நீர்வர்ண ஓவியமோ மூலத்திலேயே தாளில் பிறந்தது; இன்னொரு நல்ல தாளில் அது ஏறத்தாழ முழுமையாக வந்து உட்காரும். என் கருத்தில் முதல் பிரதிக்குத் தைல ஓவியத்தைத் தொடவே கூடாது.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் நீர்வர்ணத்தில் வரைந்த முயல். காட்டு முயலைப் பார்த்துப் பழகிய வன்னிக் கண்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஏறத்தாழ 25 செ.மீ. உயரம், 22.5 செ.மீ. அகலம். மூலம் வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் அதை அபூர்வமாகத்தான் வெளியே எடுக்கிறார்கள். மற்ற நாட்களில் பார்வைக்கு இருப்பது தரமான ஒரு பிரதி. மூலத்தை வைத்திருப்பவர்களே பிரதியை நம்பி மாட்டுகிறார்கள்.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலையும் தொடங்குவதற்கு நல்லது. அது மரக்கட்டை அச்சு; ஏறத்தாழ 26க்கு 38 செ.மீ. ஆகையால் ஏ3 தாளில் சொந்த அளவிலேயே அடங்கும். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் 2004 மார்கழியைக் கண்ட வீட்டுக்கு அந்தப் படத்தைப் பரிசளிக்குமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

3. உரிமையைப் பாருங்கள்

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். டியூரர், ஹொக்குசாய், ரவி வர்மா ஆகியோருக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. 1993இல் மறைந்த இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களுக்கு 2063 வரை இருக்கிறது. அவருடைய படத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கடையில் அச்சிடக் கூடாது. உரிமை பெற்றவர் வெளியிட்ட பிரதியைத்தான் வாங்க வேண்டும். உயிரோடிருக்கும் நம் ஓவியர்களிடம் நேரே கேட்டு வாங்குங்கள். பணம் சேர வேண்டியவரிடம் சேரும்.

4. அச்சகத்துக்குக் கொடுக்கும் படக் கோப்பு போதுமான அளவுதானா?

கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். சென்ரிமீற்றரில் உள்ள அளவை 2.54ஆல் வகுத்து 300ஆல் பெருக்குங்கள். முயலுக்கு ஏறத்தாழ 2,950க்கு 2,660 பிக்சல் வரும். முழு ஏ3 தாளையும் நிரப்பும் படமானால் 4,961க்கு 3,508. தேடுபொறி காட்டும் சிறு படத்தை எடுத்துப் பெரிதாக்கினால் மயிரிழைகள் சேறாகிவிடும். விக்கிமீடியா கொமன்ஸில் முயலின் பெரிய கோப்பு கிடைக்கிறது. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஆகியவை உரிமை முடிந்த படைப்புகளின் பெரிய படங்களை இலவசமாகவே தருகின்றன.

கோப்பை அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். வழியிலேயே அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது இணைய இணைப்பாகக் கொடுங்கள்.

5. தாளும் மையும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் வாசியுங்கள்.

மரக்கூழில் செய்த மலிவான தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கும். அது காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மஞ்சளாகி, அமிலமாகி, தாளை நொறுங்கச் செய்யும். பழைய பத்திரிகைத் தாளைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். நூறு வீதம் பருத்தியில் செய்த அமிலமற்ற தாளில் அந்தச் சிக்கல் இல்லை. சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறைந்த தாளை ஏற்காதீர்கள். 300ஐ ஒட்டியிருந்தால் மிக நல்லது. ஜெர்மனியில் 1584 முதல் தாள் செய்துவரும் ஹானமூலே நிறுவனத்தின் 308 கிராம் பருத்தித் தாளைப் பல நாடுகளில் அளவுகோலாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

தாள் பளீரென்று வெண்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரூட்டி இரசாயனம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அப்போது தாளின் நிறம் மாறும். கள்ள நோட்டைப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் தாளின் மேல் பிடியுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் ஒளிரூட்டி இருக்கிறது. முயல் படத்துக்குச் சற்றே மங்கலான வெண்மையும் மினுக்கமில்லாத பரப்பும் உள்ள தாளே பொருத்தம்.

மையில் இரண்டு வகை. சாய மை திரவத்தில் கரைந்திருக்கும், விரைவில் வெளிறும். நிறமி மையில் திடத் துகள்கள் இருக்கும். வெளிச்சத்தை நெடுங்காலம் தாங்கும். எப்சனின் அல்ட்ராகுரோம், கெனனின் லூசியா ஆகியவை நிறமி மைகள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஸ்டூடியோவில் அச்சிடக் கேட்டால், "அண்ணா, இது நிறமி மையா? என்ன தாள்?" என்று நேராகவே கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கொழும்பில் கலைப்படைப்புகளையே அச்சிடும் இடத்தைத் தேடுங்கள். பதாகை அச்சிடும் கடையில் கன்வஸ் என்று தருவதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த இயந்திரம் வீதியோரத்தில் தூரத்திலிருந்து வாசிக்கும் எழுத்துக்காக அமைந்தது.

6. சோதனைத் துண்டு கேளுங்கள்

முழுப் படத்தையும் அச்சிடுமுன், முகப் பகுதியை மட்டும் சொந்த அளவில் ஒரு துண்டில் அடித்துத் தரச் சொல்லுங்கள். சிறிய செலவுதான். தொலைபேசித் திரை தானாக ஒளிர்வது, தாளோ மேலே விழும் வெளிச்சத்தால் தெரிவது. எனவே அச்சு சற்று இருண்டு தெரிவது இயல்பு. காலை வேளையில் யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மின்குமிழின் கீழ் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முயலின் கண்ணில் ஒரு யன்னலின் குறுக்குச் சட்டங்கள் பிரதிபலிக்கும். அவை தெளிவாகத் தெரிகின்றனவா? மீசை மயிர்கள் ஒவ்வொன்றும் தனியாக நிற்கின்றனவா? கீழே 1502 என்ற எண்ணும் ஓவியரின் முதலெழுத்துகளும் கூர்மையாக இருக்கின்றனவா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கையில் புள்ளிகள் சிறு பூ வட்டங்களாக ஒழுங்காகத் தெரிந்தால் அது ஓப்செட் அச்சு. ஒழுங்கில்லாமல் தூவிய நுண்துளிகளாகத் தெரிந்தால் இன்க்ஜெட்.

ஆயத்தமாக அச்சிட்டு விற்பவற்றில் 12/100 என்று பென்சிலில் எழுதியிருக்கும். நூறில் பன்னிரண்டாவது என்று பொருள். உயிரோடிருக்கும் ஓவியரே எண்ணிட்டுக் கையொப்பமிட்டால் அதற்கு மதிப்புண்டு. நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவரின் பிரதிக்கு அச்சகம் போடும் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

7. கொண்டுவருதல்

ஏ3 வரை இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்றால் மூன்று அங்குல விட்டமாவது உள்ள குழாய். மாரியில் பிளாஸ்டிக் உறை கட்டாயம். வந்ததும் கழுவி உலர்ந்த கைகளால் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பருத்தித் தாளின் மேற்பரப்பில் விரல் பட்டால் தடம் போகாது. சுருண்டிருந்தால் சுத்தமான தாள்களுக்கு இடையே வைத்து, மேலே புத்தகங்கள் அடுக்கி, ஒரு நாள் விடுங்கள்.

8. சட்டம் போடுதலும் மாட்டுதலும்

பிரேம் கடையில் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இடையில் அமிலமற்ற மட்டை ஓரம் வேண்டும். தொட்டால் மாரியின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. படத்தைப் பசை பூசிப் பலகையில் ஒட்டக்கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு மெல்லிய தாள் கீல்களில் தொங்கினால் போதும். செலோடேப் எங்கும் வேண்டாம். பின்புறத்தின் விளிம்பு முழுவதும் தாள் நாடாவால் மூடியிருக்க வேண்டும். வெள்ளிப் பூச்சியும் சோளகக் காற்றின் செம்புழுதியும் அந்த இடைவெளியால்தான் உள்ளே போகின்றன.

நிறமி மை நூறாண்டு தாங்கும் என்று விளம்பரங்கள் சொல்வதற்கு அடிப்படையான சோதனைகள், கண்ணாடிக்குள் இருக்கும் படத்தின் மேல் நாளொன்றுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் படுவதாக எடுத்துக்கொள்கின்றன. நேர் வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். ஆகையால் பின்நேர வெயில் விழும் சுவரும் விறாந்தையும் வேண்டாம். மாரியில் ஈரம் ஊறும் வெளிச்சுவரையும், புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரையும் தவிருங்கள். வேறு இடமில்லை என்றால் சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு இறப்பர்த் துண்டுகள் ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். விளக்குப் புகை படும் சாமி அறைக்கு வெளியே மாட்டுங்கள்.

மாரி முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்புறத்தில் பூஞ்சணமோ கறையான் மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியைத் துடைக்கத் தண்ணீரைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். வழிந்து சட்டத்துக்குள் போகும்.